கும்பலைப் பெற்று வளர்த்தது யார்?

“சுட்டுத் தள்ளு! பிடித்து உள்ளே போடு! இன்னும் பத்துச் சிறைச்சாலை கட்டு!”

பிரேசில் நாட்டின் மிகப் பெரிய நகரமான சாவோ பாவுலோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் ஒலித்துவரும் கூச்சல் இது. தேர்தல் மேடையில் இதே கூச்சல். தொலைக்காட்சிப் பெட்டியில் இதே கூச்சல். மின்கம்பி வேலி போட்ட மாளிகை மதில்களுக்குப் பின்னாலிருந்தும் இதே கூச்சல். “செத்த கொள்ளைக்காரனே நல்ல கொள்ளைக்காரன்” என்று அங்கே ஒரு சொலவடையே வழங்குகிறது.

சொன்னதைச் செய்யாமலும் இல்லை. சுட்டார்கள். பிடித்து உள்ளே போட்டார்கள். பத்தல்ல, நூற்றுக்கு மேல் சிறைகள் கட்டினார்கள். பலன் என்ன? 1993ஆம் ஆண்டில் ஒரு சிறைக் கொட்டடியில் விரல்விட்டு எண்ணத்தக்க சில கைதிகள் கூடித் தொடங்கிய ‘தலைநகரின் முதல் படை’ என்னும் கும்பல், இன்று பிரேசிலின் மிகப் பெரிய குற்றக் கும்பலாக வளர்ந்து நிற்கிறது. பி.சி.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். சிறைக்குள்ளே அதன் ராஜ்யம். சேரியிலே அதன் தர்பார். துறைமுகத்திலே அதன் சரக்கு. பணச்சந்தையிலே அதன் முதலீடு!

மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் வளர்கிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? நோயாளியிடமா, வைத்தியனிடமா? இதைத்தான் நாம் கேட்கிறோம். “சுட்டுத் தள்ளு” என்பவர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. ஆகவே நடந்ததை ஆதியிலிருந்து பார்ப்போம்.

111 பிணங்கள்

சாவோ பாவுலோ நகருக்குள்ளேயே கராந்திரு என்ற பெயரில் ஒரு மாபெரும் சிறை இருந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அதில் அடைத்து வைத்திருந்தார்கள். கட்டப்பட்ட கொள்ளளவைப் போல் இரு மடங்குக் கூட்டம். 1992 அக்டோபர் 2ந் தேதி அதன் 9ஆவது கட்டிடத்தில் கைதிகளுக்குள் ஒரு சண்டை மூண்டது. கலகத்தை அடக்குகிறோம் என்று மாநில ராணுவப் போலீஸ் உள்ளே புகுந்தது. 111 கைதிகள் பிணமானார்கள். போலீஸ் தரப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்னும் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாத விசாரணைக் கைதிகள்!

மறுநாள் நகரசபைத் தேர்தல். ஆகவே 111 என்ற எண்ணிக்கை வாக்குப் பதிவு முடியப் போகும் வேளை வரை வெளியே விடப்படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று சொல்வோமே, அவர்கள் 111 பிணங்களை வாக்குச் சீட்டில் மறைத்தார்கள்.

தண்டனை? படையை நடத்திச் சென்ற கர்னல் உபிரத்தான் கிமராயிஸுக்கு 2001ல் 632 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறைக்குப் போனாரா? இல்லை, சட்டசபைக்குப் போனார்! மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2002 தேர்தலில் வெற்றி பெற்றார். அவருடைய வேட்பாளர் எண் 14111. கடைசி மூன்று இலக்கங்களை வாசகர் கவனிக்க வேண்டும். கொன்ற கணக்கையே தேர்தல் சின்னமாக்கிக் கொண்ட கொடுமை வேறெங்கும் உண்டா? 2006 பிப்ரவரியில் மாநில உயர் நீதிமன்றம் அவரை விடுதலையும் செய்தது. பிற்பாடு 2013, 2014ஆம் ஆண்டுகளில் 70க்கும் மேற்பட்ட போலீசாருக்கு நீண்ட தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2016ல் மாநில நீதிமன்றம் அவற்றையும் ரத்துச் செய்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போக, 2022 டிசம்பரில் பதவியை விட்டு இறங்கும் தறுவாயில் ஜனாதிபதி போல்சொனாரோ அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

இனி கைதியின் இடத்திலிருந்து பாருங்கள். சட்டம் நம்மைக் காப்பாற்றாது. நீதிமன்றம் நம்மை மனிதனாக எண்ணாது. நாளை நம்மையும் இப்படியே சுட்டுக் குவிப்பார்கள். இந்த எண்ணம் ஒவ்வொரு கொட்டடியிலும் புகுந்தது. கொலை நடந்து ஓராண்டு முடிவதற்குள், 1993 ஆகஸ்ட் 31ந் தேதி, தவுபதே நகரிலுள்ள கடுந்தண்டனைச் சிறையில் பி.சி.சி. பிறந்தது. கராந்திருவின் பெயரைத் தன் சாசனத்திலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் பிறந்தது.

இந்தக் கும்பலின் பிறப்புச் சீட்டில் தகப்பன் பெயர் எழுத வேண்டுமானால், சாவோ பாவுலோ சர்க்கார் என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு துண்டு சோப்பு

பிறந்தது சரி, வளர்ந்தது எப்படி? துப்பாக்கியால் மட்டும் வளரவில்லை. ஒரு துண்டு சோப்பால் வளர்ந்தது.

போராட்டங்களில் கைதாகி நாலு நாள் உள்ளே இருந்து வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சிறைக்குள் சோப்புக்கும், ஒரு போர்வைக்கும், வீட்டிலிருந்து வரும் ஒரு கடிதத்துக்கும் வெளியே இல்லாத விலை உண்டு. அதை யார் கொடுக்கிறானோ அவன்தான் அங்கே சர்க்கார்.

சாவோ பாவுலோ சிறைகளில் சோப்பு, பற்பசை, துணி, தின்பண்டம் இவற்றில் பெரும்பகுதியைக் கைதியின் குடும்பமே மூட்டை கட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதற்கிடையே சர்க்கார் என்ன செய்தது? நகரத்தில் பிடித்தவர்களை மாநிலத்தின் மேற்குக் கோடியில் கட்டிய புதிய சிறைகளுக்கு அனுப்பியது. பிரெசிடெந்தே வென்செஸ்லாவ் என்ற ஊர்ச் சிறை தலைநகரிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய், மகனைப் பார்க்க இரவெல்லாம் பஸ்ஸில் போய், மறுநாள் இரவெல்லாம் திரும்பி வர வேண்டும். பஸ் கட்டணத்துக்கு எங்கே போவாள்?

அங்கே கும்பல் வந்து நின்றது. வெளியிலுள்ள உறுப்பினர்களிடம் மாதச் சந்தா வசூலித்தது. குடும்பங்களுக்குப் பஸ் ஏற்பாடு செய்தது. வக்கீலுக்குப் பணம் கட்டியது. சிறைக்குள் கற்பழிப்பைத் தடை செய்தது; கைதி கைதியைக் கத்தியால் குத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது; ‘கிராக்’ என்னும் கொடிய போதைப் பொருளைக் கொட்டடியிலிருந்து விரட்டியது. இவை யாவும் சர்க்கார் செய்ய வேண்டிய வேலைகள் அல்லவா? சர்க்கார் கைவிட்ட இடத்தில் கும்பல் கை கொடுத்தது. கொடுத்த கையால் பிறகு கழுத்தைப் பிடித்தது. சோப்புக் கொடுத்தவனுக்குக் கடன்பட்டவன், வெளியே வந்ததும் அந்தக் கடனைச் சரக்குக் கடத்தியும் துப்பாக்கி தூக்கியும் அடைக்க வேண்டியவனாகிறான்.

1990களின் நடுவில் சாவோ பாவுலோ மாநிலச் சிறைகளில் இருந்தவர்கள் 60,000 பேருக்கும் குறைவு. இருபது ஆண்டுகளில் அது 2 லட்சத்தைத் தாண்டியது. பிரேசில் முழுவதும் சிறைக்கூட்டத்தில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2006ல் வந்த போதைப் பொருள் சட்டம் தெருமுனையில் சில பொட்டலம் வைத்திருந்த பையன்களை ஆயிரக்கணக்கில் உள்ளே தள்ளியது. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பு, கலப்பு நிறத்து ஏழை வாலிபர்கள். சில்லறைத் திருடனாக உள்ளே போனவனை, கும்பலின் சிப்பாயாக வெளியே அனுப்பியது சிறை. சர்க்கார் செலவில் கும்பலுக்கு ஆள் சேர்ப்பு!

இத்தனையும் நடந்து கொண்டிருக்கையில் அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? “அப்படியொரு கும்பலே கிடையாது” என்றார்கள். 2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நாளன்று, 29 சிறைகளில் ஒரே சமயத்தில் கலகம் வெடித்த பிறகுதான் அந்தப் பொய் செத்தது.

மே மாதத்துப் பத்து நாட்கள்

2006 மே 11ந் தேதி, கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்பட்ட 765 கைதிகளைச் சர்க்கார் வென்செஸ்லாவ் சிறைக்கு மாற்றியது. அடுத்த நாள் இரவே தாக்குதல் தொடங்கிவிட்டது. போலீஸ் நிலையங்கள் சுடப்பட்டன. பஸ்கள் கொளுத்தப்பட்டன. எழுபதுக்கும் மேற்பட்ட சிறைகளில் கலகம் மூண்டது. திங்கட்கிழமை 15ந் தேதி சாவோ பாவுலோ என்ற மாநகரமே முடங்கியது. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கடைகள் பட்டப்பகலில் கதவடைத்தன. வேலைக்குப் போன லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு திரும்ப வழியின்றித் தெருவில் நடந்தார்கள்.

மே 12 முதல் 21 வரை பத்து நாட்களில் அந்த மாநிலத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள் 564 பேர். அவர்களில் 59 பேர் போலீசாரும் சிறைக் காவலரும் போன்ற அரசாங்க ஊழியர்கள். பாக்கி 505 பேர் சாதாரண ஜனங்கள்.

இந்த 59 பேரைப் பற்றி நாம் முதலில் பேச விரும்புகிறோம். ஏனெனில், “இவர்கள் கொள்ளைக்காரனுக்காகத்தான் அழுவார்கள்” என்று நம் போன்றோர்மீது பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. அது பொய். செத்தவர்களில் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. வீட்டு வாசலில் நின்றவர்கள் உண்டு. மாதச் சம்பளத்துக்கு உழைத்த மனிதர்கள் அவர்கள். கைதிகளை மாற்றினால் கும்பல் பழிவாங்கும் என்பதை அதிகாரிகள் அறியாதவர்களா? வீதியில் நின்ற கான்ஸ்டபிளைப் பலிக்கு நிறுத்திவிட்டு, மேலே இருந்தவர்கள் பத்திரமாக இருந்தார்கள்.

பிறகு நடந்தது என்ன? மே 14ந் தேதி, அரசாங்க விமானத்திலேயே ஒரு வக்கீலும் அதிகாரிகளும் பறந்து சென்று சிறையிலிருந்த கும்பல் தலைவன் மார்க்கோலாவைச் சந்தித்தார்கள். அதன்பின் கலகங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பேரம் ஏதுமில்லை என்று சர்க்கார் மறுத்தது, நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் கும்பல் ஓய்ந்த பிறகும் துப்பாக்கி ஓயவில்லை! போலீசார் மீதான தாக்குதல் பெரும்பாலும் முதல் சில நாட்களோடு நின்றது. சேரிகளில் விழுந்த பிணங்களோ அதன் பிறகுதான் அதிகம். முகமூடி போட்டவர்கள் மோட்டாரில் வந்து தெருவில் நின்ற வாலிபர்களைச் சுட்டுவிட்டுப் போனார்கள். செத்தவர்களில் சாந்தோஸ் நகரத்து வீதியைப் பெருக்கிப் பிழைத்த துப்புரவுத் தொழிலாளி ஒருவரும் உண்டு. மே மாதத்து இரண்டாம் ஞாயிறு பிரேசிலில் அன்னையர் தினம். அந்த வாரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள், அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் தாயோடு சேர்ந்து, ‘மே மாதத்துத் தாய்மார்கள்’ என்று ஓர் இயக்கம் கண்டார்கள். கொன்றது யார் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை விசாரணையின்றியே கட்டிப் போடப்பட்டன.

இன்னொரு உண்மையும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் பிரேசில் மனித உரிமை அமைப்பொன்றும் சேர்ந்து 2011ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். போலீசாரில் சிலரே கும்பல் தலைவனின் உறவினரைப் பிடித்து வைத்துப் பணம் பறித்ததும் அந்தக் கலவரத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. தீப்பிடித்ததும் பயிரைக் குற்றம் சொன்னது!

“கொலைகள் குறைந்துவிட்டனவே!”

இங்கே எதிர்த்தரப்பார் ஒரு வாதத்தை எடுத்து வீசுகிறார்கள். “1999ல் சாவோ பாவுலோ மாநிலத்தில் 12,000க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 2020களில் அது 3,000க்கும் கீழே வந்துவிட்டது. இது எங்கள் இரும்புக் கரத்தின் சாதனை” என்கிறார்கள்.

எண்ணிக்கை மெய்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஒரு ஏழைத் தாயின் பிள்ளை சாகாமல் இருப்பது எதனாலாயினும் நல்லதே. போலீஸ் விசாரணை முறையில் சில முன்னேற்றங்கள் வந்ததும் மெய். ஆனால் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பலர் சேரிகளுக்குள் சென்று கண்டறிந்தது வேறொன்று. கும்பல் தன் அனுமதியில்லாமல் யாரும் யாரையும் கொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது. தகராறுகளைத் தன் ‘நியாயஸ்தலத்துக்கு’ இழுத்தது. அங்கே செல்போன் வழியாகச் சிறையிலிருந்தே தீர்ப்பு வரும். மரண தண்டனையும் வரும்.

இதுவா பாதுகாப்பு? ஒரு மாநகரத்து ஜனங்கள் உயிரோடு இருப்பது கும்பலின் தயவில் என்றால், அந்தத் தயவு என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படும். 2006ல் திரும்பப் பெறப்பட்டது. 2012ல் போலீசுக்கும் கும்பலுக்கும் மறுபடி மூண்ட சண்டையில் 100 போலீசாருக்கு மேல் மாண்டார்கள். சேரிகளில் எத்தனையோ குடும்பங்கள் அழுதன.

போலீஸ் கையால் சாகிறவர்களை இந்தச் ‘சாதனை’க் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. போலீசாரின் சட்டையில் காமிரா பொருத்தும் திட்டம் பரவிய பின், 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்தச் சாவுகள் கணிசமாகக் குறைந்தன. 2022ல் 500க்கும் கீழே இருந்தது. 2023ல் பதவிக்கு வந்த கவர்னர் தார்சீசியோவின் ஆட்சியில், 2024ல் அது 700ஐத் தாண்டியது. சாந்தோஸ் வட்டாரக் கடற்கரை ஊர்களில் மட்டும் இரண்டு போலீஸ் நடவடிக்கைகளில் 80 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கும்பல் ஒழிந்ததா? சாந்தோஸ் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்குக் கொக்கேய்ன் போவது நின்றதா? இல்லவே இல்லை.

பணம் எங்கே போய்ச் சேர்ந்தது?

இப்பொழுது நம் கேள்வியின் கருவுக்கு வருகிறோம்.

2025 ஆகஸ்டு 28ந் தேதி பிரேசில் வரி அதிகாரிகளும், அரசாங்க வழக்கறிஞர்களும், போலீசாரும் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். எங்கே? சேரியில் அல்ல. சாவோ பாவுலோவின் ஃபாரியா லிமா என்னும் வீதியில்! முதலீட்டு நிறுவனங்களும், பணப் பரிமாற்றக் கம்பெனிகளும் கண்ணாடிக் கோபுரங்களில் குடியிருக்கும் வீதி அது. அதிகாரிகள் சொன்ன கணக்கு இது: கும்பலோடு தொடர்புடைய வலையில் சுமார் 1,000 பெட்ரோல் பங்க்குகள்; அவற்றின் வழியே 2020 முதல் 2024 வரை 5,200 கோடி ரியால் புரண்டிருக்கிறது; 40 முதலீட்டு நிதிகளில் 3,000 கோடி ரியால் சொத்து தேங்கியிருக்கிறது. பெட்ரோலில் மெத்தனால் கலந்து ஜனங்கள் தலையில் கட்டிய மோசடியும் இதில் அடங்கும். வங்கிகள் வரி இலாகாவுக்குத் தரவேண்டிய விவரங்களைத் தரத் தேவையில்லாத புதுவகைப் பணக் கம்பெனிகள் இதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தன.

இந்தச் சோதனையில் பிணம் ஒன்றும் விழவில்லை. கணக்குப் புத்தகங்களையும் கம்ப்யூட்டர்களையும் எடுத்துச் சென்றார்கள். நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும். நாம் அதைப் பாராட்டுகிறோம்.

ஆனால் சரியாக இரண்டு மாதம் கழித்து, 2025 அக்டோபர் 28ந் தேதி, வேறொரு கும்பலை அடக்குகிறோம் என்று ரியோ டி ஜெனிரோ நகரத்துச் சேரிகளில் போலீஸ் புகுந்தது. 120 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் நாலைந்து போலீசாரும் உண்டு. சேரி ஜனங்களே பிணங்களைச் சுமந்து வந்து நடுத்தெருவில் வரிசையாகக் கிடத்தினார்கள்.

கண்ணாடிக் கோபுரத்துக்குச் சோதனை உத்தரவு. தகரக் கொட்டகைக்குத் துப்பாக்கிக் குண்டு! கோடிகளைக் கையாண்டவனுக்கு வக்கீல். பொட்டலத்தைக் கையாண்டவனுக்குச் சவப்பெட்டி! ஒரே சட்டம் என்கிறார்களே, அதற்கு இரண்டு முகம் எப்படி வந்தது?

ராபின் ஹூட்டும் அல்ல

மற்றொரு தவறான கருத்தையும் நாம் கண்டிக்காமல் விடுவதற்கில்லை. சர்க்கார் மீதுள்ள கோபத்தில், “கும்பல் ஏழைகளின் கட்சி, அதுவும் ஒருவகைக் கலகம்தான்” என்று பேசுவோர் உண்டு. தன் கொடியில் சமாதானம், நீதி, சுதந்திரம் என்று எழுதிக் கொண்டால் போதுமா? சாத்தானும் வேதம் ஓதும்!

இந்தக் கும்பல் எந்த முதலாளியின் சுரண்டலை நிறுத்தியது? அதுவே முதலாளியாகி விட்டது. ஏழைப் பையனைக் கூலியாளாக வைத்துச் சரக்கு விற்கிறது. அவன் செத்தால் அடுத்தவனை வைக்கிறது. லாபத்தைக் கொண்டுபோய் ஃபாரியா லிமாவில் முதலீடு செய்கிறது. 2017 ஜனவரி முதல் வாரத்தில், தனியார் கம்பெனி நடத்திய மனாவுஸ் சிறையில் எதிர்க்கும்பலின் கையால் 56 கைதிகள் மாண்டார்கள், பி.சி.சி. அதற்குப் பதில் கணக்குத் தீர்த்தபோது ரொரைமா சிறையில் 33 பேர் மாண்டார்கள். வெட்டியவனும் ஏழை, வெட்டுண்டவனும் ஏழை. இது விடுதலைப் பாதை அல்ல, கசாப்புக்கடைப் பாதை.

வேண்டுவது என்ன?

“அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பீர்கள். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. அந்த நாட்டுத் தாய்மார்களும், வழக்கறிஞர்களும், சிறை ஊழியர்களும் கேட்டு வருவதைத்தான் நாமும் சொல்கிறோம்.

விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டவர்களை வெளியே விடு. பொட்டலத்துக்காகப் பையன்களைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்து. சிறையில் சோப்பும், சோறும், வைத்தியமும், வக்கீலும் சர்க்காரே கொடு. கும்பலின் சந்தாப் பெட்டி தானே காலியாகும். கைதியைக் குடும்பத்துக்குப் பக்கத்துச் சிறையில் வை. காவலருக்கு நல்ல சம்பளமும் போதிய ஆள்பலமும் கொடு. காமிராவைச் சட்டையிலிருந்து கழற்றாதே. கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் அதிகாரியைப் பெருக்கு. ஃபாரியா லிமாவின் கதவை ஒரு நாள் அல்ல, தினம் தட்டு. கராந்திருவுக்கும் 2006 மே மாதத்துக்கும் பொறுப்பானவர்களை நீதிமன்றத்தில் நிறுத்து.

இவற்றில் எது நடக்க முடியாதது? ஒன்றுமில்லை. ஆனால் இவற்றைச் செய்தால் சிறை கட்டும் கான்ட்ராக்டருக்கு லாபமில்லை. பயத்தை விற்று ஓட்டு வாங்குகிறவனுக்கு முதலில்லை. கறுப்புப் பணத்தை வெளுத்துக் கொடுப்பவனுக்குக் கமிஷன் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு “சுட்டுத் தள்ளு” என்ற கூச்சல் இனிக்கிறது.

கராந்திரு சிறை இன்றில்லை. 2002ல் அதன் கட்டிடங்களை வெடிவைத்துத் தகர்த்து, அந்த இடத்தில் பூங்கா அமைத்தார்கள். அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். சுவரை இடித்தாயிற்று. 111 பேரைக் கொன்றுவிட்டு ஒருவனும் பதில் சொல்ல வேண்டாம் என்ற அந்த முறையை இடித்தார்களா? அதை இடிக்காத வரையில், அவர்கள் கட்டும் ஒவ்வொரு புதிய சிறையிலும் அந்தப் பழைய சிறையே மறுபடி எழும். கும்பலும் அதனுள்ளேயே மறுபடி பிறக்கும்.

மே மாதத்துத் தாய்மார்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசட்டும்!